அவிட்டத்தில் இடித்த சுவர்

செல்போன் அடித்தது.

முனீஸ்வரியின் செல்போன்தான்... ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம்!

இந்தப் பக்கம் அவள். நடுவில், வெளியே தாழிட்ட தேக்குக் கதவு.

"சார்! கதவைத் திறங்க சார்! எங்க அம்மாதான் கூப்பிடுது!"

"தெரியறதும்மா. 'அம்மா'ன்னுதான் போட்டிருக்கு." சீதாராமனின் குரலில் அவசரமே இல்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அந்த வீட்டுக்காரர்.

மணி ஓய்ந்தது.

"எடுக்கலைன்னா மறுபடி கூப்பிடுவா. ஒரு மெசேஜ் அனுப்பிடறேன். 'அம்மா, ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன்.' எழுத்துப் பிழை இல்லாம போட்டிருக்கேன்."

முனீஸ்வரி கதவோடு சரிந்து உட்கார்ந்தாள்.

அம்மா பாண்டியம்மாளுக்கு எழுத்தே தெரியாது! அந்த மெசேஜை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவாள்? காட்டினாலும் என்ன... மகள் வருகிறாள் என்று கோழி அடித்துக் குழம்பு வைப்பாள்!

இந்த ரூமைத் தேடி அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சமா?

செக்கானூரணிக்கு மேற்கே ஊர். ஒத்தக்கடைப் பக்கம் விவசாயப் படிப்பு, இரண்டாம் வருஷம். ஆரப்பாளையத்துக்கு ஒரு பஸ், மாட்டுத்தாவணிக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலேஜுக்கு ஒரு பஸ். வண்டி கிடையாது. ஹாஸ்டலிலோ இடம் கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்புதான் வீட்டு புரோக்கர் மொக்கையனைப் பிடித்தாள்.

"அண்ணே, காலேஜுக்கு நடந்து போற தூரமா இருக்கணும். படிக்கச் சத்தமில்லாம இருக்கணும். பயமில்லாமயும் இருக்கணும்."

"அம்புட்டுத்தானே தாயி? அப்படியே ஒரு வீடு இருக்கு! சுத்தி நாலு பக்கமும் காலி பிளாட்டு. சத்தம் போட ஆளே கிடையாது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்காரரு கேட்டைப் பூட்டிருவாரு. கொசுகூட அவருகிட்ட கேட்டுட்டுத்தான் வரும்!"

கேட்ட மூன்றும் கிடைத்தன.

இப்போது அந்த மூன்றுமே அவள் கழுத்தைப் பிடித்தன!

ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"யாராச்சும் இருக்கீங்களா...! காப்பாத்துங்க...!"

கருவேலஞ்செடி. அளவுக்கல். ஒரு ஆடு. மத்தியானம் ஒரு மணி வெயில்.

ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

"தொண்டை வலிக்கப் போறது," என்றார் சீதாராமன், கதவுக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "தப்பு உன் மேலதாம்மா. காலையில அந்தக் கேள்வியை நீ கேட்டிருக்கப்படாது."

ஆமாம். கேட்டிருக்கக் கூடாது.

காலையில் பீரோவுக்கு அடியில் கூட்டும்போது ஒரு தினசரி காலண்டர் கிடைத்தது. நான்கு மாதத்துக்கு முந்தைய தாளோடு நின்றது. திங்கட்கிழமை. திருவோண நட்சத்திரம். முனீஸ்வரி அதை எடுத்துக்கொண்டுபோய் வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"சார், தவறிப்போன உங்க வீட்டம்மா விடிஞ்சதும் முதல் வேலையா காலண்டர் தாள் கிழிப்பாங்கன்னு சொன்னீங்க. சாகுறதுக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன்ல பேசினாங்கன்னும் சொன்னீங்க. பிறகு ஏன் சார் திங்கட்கிழமை தாளு கிழிபடாம இருக்கு?"

சீதாராமன் சிரித்தார். "அட, ஆமாம்! ஒரு நிமிஷம் உன் போன்ல லாக்கை எடுத்துட்டுக் குடும்மா, என்னோடதுல சார்ஜ் இல்லை," என்றார். கொடுத்தாள். அடுத்த நொடி, கையில் பிடித்த காலண்டரோடு ரூமுக்குள் ஒரு தள்ளு. வெளியே தாழ்ப்பாள்!

"சார்... நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சார்."

"நீ சொல்லுவே. நல்லா படிக்கிற பொண்ணு. அப்படிப்பட்டவாதான் சொல்லுவா."

"அப்ப அந்தம்மா திங்கட்கிழமையே..."

"திங்கட்கிழமை ராத்திரி. தலையணை. வீடு என் ஆத்துக்காரி பாகீரதி பேர்ல இருந்தது. விக்க மாட்டேன்னா. உடம்பு கெடாம இருக்க ஏசியை முழுசா வச்சுட்டு விடியற்காலையில திருநெல்வேலி கல்யாணத்துக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து, 'மத்தியானம்கூட போன்ல பேசினாளே'ன்னு அழுதேன். அவ இதய நோயாளி. நான் கல்யாணத்துல இருந்ததுக்கு நூறு பேர் சாட்சி. யாருக்குச் சந்தேகம் வரும்?"

முப்பது வருஷம் வகுப்பெடுத்த வாய். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் நிற்காது.

"ஒண்ணே ஒண்ணுதான் இடிச்சுது. திங்கள் திருவோணம், தோஷமில்லை. நான் சொன்ன செவ்வாய் அவிட்டம்! சாஸ்திரிகள் குதிச்சார். 'அடைப்பு நட்சத்திரத்துல போயிருக்கா. வாசல் வழியா எடுக்கப்படாது, சுவரை இடிச்சுத்தான் எடுக்கணும், ஆறு மாசம் ரூமைப் பூட்டி வை'ன்னார். ஊரே பார்க்கறது. சொன்ன பொய்க்காக என் சுவரை நானே இடிச்சேன்!"

"பூட்டி வைக்காம எனக்கு வாடகைக்கு விட்டீங்க..."

"பூட்டின ரூம் இருக்கற வீட்டை எவன் வாங்குவான்? ஒரு பொண்ணு குடியிருந்தா நல்ல வீடுன்னு நம்புவான். அவ நிஜமா போன நட்சத்திரம் எனக்குத் தெரியுமே, நான் ஏன் பயப்படணும்? சரி, நாலு மணிக்கு வீடு பார்க்க ஒரு அம்மா வரா. நான் மேலூர் போயிட்டு மூணு மணிக்கு வரேன்."

"மேலூருக்கு... எதுக்கு சார்?"

"பெரிய சூட்கேஸ் ஒண்ணு வாங்கணும். ஊருக்குப் போற பொண்ணு பெட்டியோட போனாத்தானேம்மா நம்புவா."

கார் கிளம்பிப் போனது.

முனீஸ்வரி எழுந்து ரூமைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று மணி! அதற்குள்... எப்படி? கதவு தேக்கு. ஜன்னல் கம்பி. சுவர்...

சுவர்!

அவள் ஊரிலும் பெரியப்பா அடைப்பில்தான் போனார். சுவரில் ஆள் போகிற அளவு இடித்து எடுத்தார்கள். அப்புறம் ஒரு கொத்தனார் அரை மணி நேரத்தில் கல்லை அடுக்கி, மேலே ஒரு பூச்சு பூசிவிட்டுப் போனார். அடைப்பு கழிந்த பிறகு ஒழுங்காகக் கட்டலாம் என்று!

இங்கே எந்தச் சுவர்?

பீரோ! இவ்வளவு பெரிய ரூமில் பீரோவை ஏன் கொல்லைப்புறச் சுவரோடு ஒட்டி, அதுவும் நட்டநடுவில் வைத்திருக்கிறார்?

முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். தள்ளினாள். பீரோ நகர்ந்தது...

வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு ஒட்டு. தரையிலிருந்து இடுப்பளவு.

பைக்குள் கையை விட்டாள். வயல் வகுப்புக்கு வாங்கிய களைக்கொத்து!

கொத்தினாள். பூச்சு உதிர்ந்தது. கல் ஆடியது. கை கொப்பளித்தது. ஒரு கல் விழுந்தது. இரண்டாவது. ஐந்தாவது... வெயில் உள்ளே வந்தது!

தலையை விட்டாள். தோளை விட்டாள். இடுப்பு சிக்கிக்கொண்டது.

எதிரே இரண்டு கால்கள். கொத்திய சத்தத்தில் கார் திரும்பி வந்தது அவள் காதில் விழவே இல்லை.

"இந்த வழியா வெளியே வர்ற ரெண்டாவது ஆள் நீ," என்றார் சீதாராமன். "முதல் ஆள் இவ்வளவு சத்தம் போடலை."

கையில் கடப்பாரை!

பின்னால் போகவும் முடியாது. முன்னால் வரவும் முடியாது. கடப்பாரை மேலே எழும்பியது. முனீஸ்வரி கண்ணை மூடினாள். "அம்மா...!"

"கீழ போடுய்யா அதை!"

பெண் குரல். சுங்குடிச் சேலை. கையில் துப்பாக்கி. பின்னால் மூச்சிரைக்க மொக்கையன்!

கடப்பாரை தரையில் விழுந்தது.

"இவங்க... இவங்க வீடு பார்க்க வர்ற அம்மா இல்லையோ?" சீதாராமனின் குரல் முதல் தடவையாகத் தடுமாறியது.

"அவங்கதான் சார்," என்றான் மொக்கையன். "கவர்மெண்டு உத்தியோகம்னு சொன்னேன்ல? இன்ஸ்பெக்டர் அன்னக்கொடி. இங்க புதுசா மாத்தலாகி வந்திருக்காங்க. என்ன உத்தியோகம்னு நீங்க கேக்கவே இல்லையே!"

அன்னக்கொடி அவர் கையில் விலங்கை மாட்டினாள். மொக்கையன் இன்னும் இரண்டு கல்லைப் பெயர்த்து முனீஸ்வரியை வெளியே இழுத்தான்.

"அண்ணே... நாலு மணிக்குத்தானே வரணும்?"

"நீ குடுத்து வச்சிருந்த என் நம்பருக்கு உங்க அம்மா போன் பண்ணுச்சு தாயி. ஒரே அழுகை. 'அண்ணே, எம்மக போன்லருந்து மெசேஜ் வந்திருக்கு, அவளுக்கு என்னமோ ஆயிருச்சு'ன்னுச்சு. பக்கத்து வீட்டுல காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கு. 'ஏன் ஆத்தா, ஊருக்கு வாரேன்னுதானே போட்டிருக்கு'ன்னேன். 'எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு எம்மகளுக்குத் தெரியும்ணே! அவ எனக்குப் பேசித்தான் அனுப்புவா. இதை அனுப்புனது அவ இல்ல!'ன்னுச்சு பாரு... அப்ப மேடத்துக்கு வேற வீடு காட்ட நான் அவங்க ஜீப்புலதான் இருந்தேன்."

சீதாராமன் தலையைத் தொங்கப் போட்டார். எழுத்துப் பிழை இல்லாமல்தான் அனுப்பியிருந்தார்.

முனீஸ்வரி ஓட்டைக்குள் கையை விட்டு காலண்டரை எடுத்து நீட்டினாள்.

"மேடம், அவரு பொண்டாட்டி பாகீரதி அம்மா செத்தது செவ்வாய்க்கிழமை இல்ல. திங்கட்கிழமை ராத்திரி. இவரே என்கிட்ட சொன்னாரு. தலையணையை வச்சு..."

"எல்லாத்தையும் ஸ்டேஷன்ல வந்து சொல்லு. முதல்ல உங்க அம்மாகிட்ட பேசு," என்று அன்னக்கொடி தன் போனைக் கொடுத்தாள். "ராத்திரி என் வீட்டுல தங்கிக்க. சத்தம்தான் ஜாஸ்தி. எங்க வீட்டுக்காரரு குறட்டை."

"சத்தம் இருந்தா நல்லது மேடம்!"

ஜீப்பில் ஏறும்போது சீதாராமன் மெல்லக் கேட்டார். "என்னை... எங்கே வைப்பா?"

மொக்கையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"அமைதியான இடம் சார். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. ஆறு மணிக்கு டாண்ணு பூட்டிருவாங்க. வண்டியே தேவையில்ல, கோர்ட்டுக்கு அவங்களே கூட்டிட்டுப் போயிருவாங்க. என் வாழ்க்கையில புரோக்கர் கமிஷன் வாங்காம நான் பிடிச்சுக் கொடுக்கிற மொத ரூமு இதுதான்!"