பத்து மணிக் கொழுக்கட்டை

காலை 11.40. ஷென்யாங் ரயில் நிலையத்துப் பின்தெருவில் லுவான் நடத்தும் சிறிய உணவகத்தில், கல்லாவுக்குக் கீழிருந்த இழுப்பறை காலியாகக் கிடந்தது. நாளைக் காலை கல்யாணத்தில் மகளின் கையில் பூட்ட வேண்டிய தங்க வளையலைக் காணோம். ஒன்பது மணிக்கு லுவான் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனவர்கள் இரண்டே பேர்: சமையல்காரன் தியாவ், பரிமாறும் யுன்சியா.

யுன்சியாவின் அம்மாவுக்கு நாளை ஆபரேஷன். மூன்று மணி ரயிலுக்குப் பை தயாராக இருந்தது. அதைக் கொட்டிப் பார்த்தாயிற்று. ஸ்வெட்டர், சீப்பு, டிக்கெட், அவ்வளவுதான்.

"வெளியில யார்கிட்டயோ குடுத்துட்டா. போலீஸ் வந்து விசாரிக்கட்டும்!" என்றாள் லுவான்.

"அவங்க வந்து கேட்டு முடிக்கிறதுக்குள்ள ரயில் போயிடும், முதலாளியம்மா. எங்கம்மா தனியா கிடக்கிறாங்க." யுன்சியா சாமான்களைப் பைக்குள் திரும்ப அடுக்கினாள்.

ஜன்னலோரம் வாடிக்கையாளர் ஃபெங் அக்கா நூடுல்ஸோடு கடித்துக்கொள்ளப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவள். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றாள், சந்தேகப்படுவதிலிருந்து இல்லை. தங்கை வீட்டிலிருந்து இன்று காலைதான் வந்து இறங்கியிருந்தாள். இந்தக் கடையில் என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ரயில் ஏறப் போகிறவருக்கு இறைச்சிக் கொழுக்கட்டை, இறங்கி வருகிறவருக்கு நூடுல்ஸ். வட சீனாவில் எல்லா வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆனால் அவள் நூடுல்ஸ் அரை மணி நேரமாக வரவில்லை.

ஃபெங் எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

"மாஸ்டர், நூடுல்ஸுக்கு நான் தவம் கிடக்கணுமா?"

"மாவு இன்னும் ஊறலக்கா. சோறு போடட்டா?"

"எப்பப் பிசைஞ்சே?"

"எட்டு மணிக்கு."

ஃபெங் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுப்போரம் ஒரு எவர்சில்வர் டப்பாவில் இரண்டு கொழுக்கட்டை மிச்சமிருந்தது.

"இது?"

"அவர் பொண்டாட்டி பத்து மணிக்குக் கொண்டாந்தா. ஊட்டி விடாத குறைதான்," என்றாள் பின்னாலேயே வந்த லுவான்.

"தினமும் வருமா?"

"நாலு வருஷத்துல இதான் முதல் தடவை."

தியாவ் சிரித்தான். "பொண்டாட்டிக்கு ஆசை வரக்கூடாதா?"

"ஊருக்கு எங்கயாவது போறியா?"

"நாளைக்குக் கல்யாணச் சமையல் என் தலையில இருக்கு. நான் எங்க போறது?"

மதியம் 12.05. ஃபெங் லுவானின் போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி தியாவின் மனைவியை அழைத்தாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு எத்தனை மணி ரயில்?"

"ரெண்டு பத்துக்கா. டாலியான்ல புது ஓட்டல் வேலை. யார்கிட்டயும் சொல்லாதேன்னார், அவரே சொல்லிட்டாரா? கொழுக்கட்டையை எல்லாம் சாப்பிட்டாரா? மிச்சம் வெச்சா நல்லா திட்டுங்க."

தியாவின் முகம் மாவாக வெளுத்தது.

ஃபெங் போனை வைத்துவிட்டு லுவானிடம் திரும்பினாள். "ஊருக்குப் போறேன்னு வெளிப்படையாச் சொன்னவ பையைக் கொட்டினே. போறதை மறைச்சவனை விட்டுட்டே. பாவம், அவன் பொண்டாட்டிக்குத் திருட்டு தெரியாது, பயணம் மட்டும்தான் தெரியும். பயணம் போற புருஷனுக்குக் கொழுக்கட்டை செய்யாம எவ இருப்பா? எல்லாரும் பார்த்தோம், யாரும் யோசிக்கல."

"வளையல் எங்கக்கா?"

"நாலு மணி நேரமா ஊறுற நூடுல்ஸ் மாவை நான் எங்கயும் பார்த்ததில்ல. மாவு மேல மூடியிருக்கிற ஈரத்துணியை எடு."

லுவான் மாவு உருண்டையைப் பிய்த்தாள். உள்ளே வளையல் இருந்தது.

"வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க," என்றான் தியாவ். 12.30க்குப் போலீஸ் வந்து அவனை அழைத்துப் போனது.

லுவானுக்கு யுன்சியாவை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. கை கழுவினாள், புது மாவு பிசைந்தாள், இறைச்சி கொத்தினாள். 1.45க்கு ஆவி பறக்க ஒரு தட்டுக் கொழுக்கட்டையை அவள் முன் வைத்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன். சாப்பிடாமப் போகாதே."

யுன்சியா பன்னிரண்டையும் தின்று முடித்துப் பையை எடுத்துக்கொண்டாள். கதவருகே நின்று திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை காலைல வந்து இறங்குவேன். நூடுல்ஸ் போட்டு வைங்க."