கொம்புத்தீவில் இறுகிய போல்ட்

பாறைத் திட்டுக்கு உள்ளே படகு சாதுவாக நின்றுகொண்டிருந்தது! அதைக் கண்ட பிறகுதான் ஜெனோவாவுக்கு மூச்சே வந்தது. புயலில் தூத்துக்குடிக் கரையிலிருந்து நங்கூரக் கயிற்றை அறுத்துக்கொண்டு போன அவளுடைய பழைய பாய்மரப் படகு அது. ஆளில்லாத கொம்புத்தீவின் குடாவில் ஒதுங்கியிருக்கிறது என்று மீனவர்கள் சொல்லக் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு தேடி வந்திருந்தாள். பாய் கிழியவில்லை, மரம் ஒடியவில்லை. பொங்கிய கடல் படகைத் திட்டுக்கு மேலே தூக்கி உள்ளே போட்டிருக்கிறது. போட்ட கடல் திரும்ப எடுத்துத் தரவேண்டுமே!

அவளோடு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அக்கா புருஷன் சந்தியாகு. அவருடைய இன்ஜின் வள்ளத்தில்தான் வந்தார்கள். எதையும் ஒரே அடியில் முடிக்க நினைக்கிற மனிதர். இன்னொருத்தி தோழி வடிவு. கோவில்பட்டியில் தையல் மிஷின் பழுது பார்க்கிறவள், கடலுக்கு இதுதான் முதல் பயணம். வழியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, தீவு தெரிந்ததும் பசிக்கிறது என்றாள்.

சிக்கல் படகின் வயிற்றுக்கு அடியில் இருந்தது. அங்கே ஒரு கனத்த இரும்புத் தகடு உண்டு. அதை உள்ளே இழுத்துக்கொண்டால் படகு இடுப்பளவு தண்ணீரிலும் போகும். இறக்கியிருந்தால் ஆள் ஆழம் வேண்டும். ஜெனோவா வாங்கிய நாள் முதல் அது இறங்கியேதான் இருந்தது. படகுக்குள்ளே கட்டைவிரல் தடிமனில் ஒரு போல்ட் அதை அப்படியே பூட்டியிருந்தது. அந்த போல்ட் அசைய மறுத்தது.

அன்று பௌர்ணமி. மத்தியானம் ஏறுகிற தண்ணீர்தான் திட்டைத் தாண்ட உதவும். அடுத்த அமாவாசைக்குள் வாடைக்காற்று பிடித்துவிடும். அப்புறம் அலை படகைப் பாறையில் அடித்து விறகாக்கிவிடும். கழுத்திலும் காதிலும் இருந்ததை விற்று வாங்கிய படகு. அதில் ஆட்களை ஏற்றிக் கடல் காட்டுவதுதான் ஜெனோவாவின் பிழைப்பு.

சந்தியாகு ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினார். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி உரிந்ததுதான் மிச்சம். டீசலில் ஆயில் கலந்து ஊற்றிக் காத்திருந்தார்கள். ஸ்டவ்வில் வெந்நீர் கொதிக்கவைத்து மேலே விட்டார்கள். போல்ட் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது. குடாவில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

சந்தியாகுவின் பொறுமை போய்விட்டது. உளியையும் சம்மட்டியையும் எடுத்தார்.

“தலைய வெட்டிருவோம் ஜெனோ. வேற வழியில்ல.”

“வேண்டாம் மச்சான். தலை போனா மிச்சம் உள்ளயே நின்னுரும். தகடு ஏறவே ஏறாது.”

வடிவு அதுவரை பொரிவிளங்காய் உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து போல்டைச் சுற்றியிருந்த வளையத்தைத் தடவிப் பார்த்தாள். வளையமும் போல்டும் ஒரே நீல உடம்பாக இருந்தன. இங்கே எதற்கு இவ்வளவு பெயிண்ட் என்று கேட்டாள்.

மாதா திருவிழாவுக்கு முன்னால் படகு முழுக்கப் பெயிண்ட் அடிப்பது வழக்கம் என்றாள் ஜெனோவா. மரம் என்ன, இரும்பு என்ன, ஓர் இடம் விடாமல் பூசினால்தான் அவளுக்குத் திருப்தி. முந்தைய சொந்தக்காரரும் அப்படித்தான்.

“மிஷின் சக்கரத்துல பக்கவாட்டுல ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். அதக் கழட்டாமச் சக்கரத்த உருவப் பாத்தா வருமா? இதுலயும் என்னமோ இருக்கு, சொரண்டிப் பாப்பம்” என்றாள் வடிவு.

சுரண்டினார்கள். நீலத்துக்கு அடியில் வேறொரு நீலம், அதற்கும் அடியில் பச்சை. கடைசியில் வளையத்தின் விலாவில் பட்டாணி அளவுக்கு ஒரு திருகாணித் தலை எட்டிப் பார்த்தது! பெரிய போல்ட் தானாகக் கழன்றுவிடாமல் பிடித்திருந்த பூட்டு அதுதான். பெயிண்டைப் பூசிப் பூசி அதை ஊரார் கண்ணிலிருந்தே மறைத்திருந்தார்கள்.

ஜெனோவாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை. அந்தப் பொடியனும் துருப்பிடித்திருந்தான். வடிவு ஓர் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அதன் தலையில் வைத்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். மெல்லத் தட்டினாள். கழற்றும் பக்கம் திருகாமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினாள். சந்தியாகு பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். கிறீச்சென்று ஒரு சத்தம். திருகாணி சுழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அதன் பிறகு பெரிய போல்டுக்கும் அதே வைத்தியம். இந்த முறையும் குழாயைப் பிடித்தது சந்தியாகுதான். முனகியது, அசைந்தது, கழன்றது! ஜெனோவா கைப்பிடியைச் சுற்ற, தகடு கடகடவென்று மேலே ஏறியது.

தண்ணீர் உச்சத்தில் நின்றது. சந்தியாகு வள்ளத்தில் கயிறு கட்டி இழுத்தார். வடிவு முன்பக்கம் குப்புறப் படுத்துப் பாறையைப் பார்த்து வழி சொன்னாள். ஜெனோவா சுக்கானைப் பிடித்திருந்தாள். திட்டின் நடுவில் அடிவயிறு ஒருமுறை பாறையை உரசியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அடியில் பாறை இல்லை, கருநீல ஆழம்தான் இருந்தது.

கரை வரைக்கும் இழுத்துக்கொண்டே போய்விடலாம் என்றார் சந்தியாகு. அவள் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்தாள், தகட்டை இறக்கினாள், போல்டுக்குக் கிரீஸ் தடவிப் பூட்டினாள், பாயை ஏற்றினாள். படகு காற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது. வடிவு மறுபடி வாந்தி எடுத்தாள்.

அன்று பொழுது சாயும் முன் தூத்துக்குடிக் கரையில் பாய் தெரிந்ததும் சனம் கூடிவிட்டது. போல்ட் கதையைக் கேட்டதும், எப்படிக் கழற்றினீர்கள் என்று எல்லோரும் சந்தியாகுவைத்தான் கேட்டார்கள். உரிந்த முட்டியைக் காட்டி வீரம் பேசுவார் என்று ஜெனோவா நினைத்தாள். அவரோ, இறுகினதை அடிக்கிறதுக்கு முன்னால் எது பிடிச்சிருக்குன்னு தேடணும், அந்தப் புள்ளயக் கேளுங்க என்று வடிவைக் காட்டினார்.

ஜெனோவா தகட்டை ஏற்றிப் படகைக் கரையோரம் நிறுத்தியிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, படகின் விலாவில் கன்னத்தை வைத்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரையில் நின்ற அக்காவைப் பார்த்துச் சொன்னாள்:

“நாளைக்கு ஆளேத்தலாம்க்கா.”