குறையாத பாரம்

தராசு முள்ளில்தான் முதல் பிசகு தெரிந்தது.

துறைமுகச் சாமான் முற்றத்து வாசலில், லொறிகளை நிறுப்பதற்கென்று நிலத்தோடு நிலமாகப் பதித்த பெரிய தராசு ஒன்று இருந்தது. லொறி ஏறி நின்றால் பக்கத்துக் கூண்டுக்குள் வட்ட முகப்பில் முள் நகரும். அந்த முற்றத்துக்கு மேற்பார்வையாளர் சோமசேகரம். அரசாங்கத் தராசில் தன் சொந்த மொறிஸ் மைனர் காரை நிறுப்பதற்கு அவர் தன்னிடமே அனுமதி கேட்டு, தானே அதைத் தீர யோசித்து, தானே பெருந்தன்மையோடு வழங்கியிருந்தார். நிறுவைக்காரர் சின்னராசா, முள் நின்ற இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பந்தயத்துக்காகக் கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிய பிறகு முள் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்ப்பதாகத் திட்டம்.

பின் ஆசனம் போயிற்று. நிலவிரிப்பு, கூரைத் துணி, கதவுகளின் உள்மட்டை, முன் விளக்குகள், மேலதிகச் சில்லு எல்லாம் போயின. மெக்கானிக் பக்கீர் கராஜ் மூலையில் குவித்து வைத்ததைப் பார்த்தால் அதில் இன்னொரு கார் செய்யலாம் போல இருந்தது. கார் திரும்பவும் தராசில் ஏறியது. முள் கோட்டுக்கு நன்றாகக் கீழே வந்து நின்றது. சோமசேகரம் கைக்குட்டையை எடுத்து, வெற்றி பெற்றவர்கள் துடைப்பதுபோல நெற்றியைத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் காரின் இடப்பக்கத்திலிருந்து ஒரு சின்ன முனகல் கேட்டது, யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல. முள் மெல்ல எழும்பிப் போய்ச் சுண்ணக்கோட்டில் நின்றது.

சின்னராசா முகப்பைத் தட்டிப் பார்த்தார். அடுத்து வந்த அரிசி லொறியை நிறுத்தார். தராசில் பிழை இல்லை.

“பழைய தராசு,” என்றார் சோமசேகரம். வருடா வருடம் அந்தத் தராசு சரியென்று கையெழுத்து வைப்பவரும் அவர்தான்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையைக் காலிசெய்து போனபோது மறந்து விட்டுச்சென்ற சாமான்களில் கார்ப்பந்தய ஆசையும் ஒன்று. புல்மோட்டைப் பக்கம், உலக யுத்தகாலத்தில் போட்டுக் கைவிட்ட விமான ஓடுபாதை ஒன்றில் வருடத்துக்கொருமுறை உள்ளூர் உத்தியோகத்தர்கள் தங்கள் கார்களை விரட்டிப் பார்ப்பார்கள். அவர்களுடைய மோட்டார் கழகத்துக்குச் சோமசேகரம் தலைவர். தலைவராக இருந்தும் வங்கி ஆனந்தராசாவுக்குப் பின்னால்தான் எப்போதும் வந்தார். இரண்டாவதாக வருவது அவருக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. உத்தியோகச் சோதனையில் இரண்டாவது. மனைவி பூரணியைக்கூட முதலில் பெண் பார்த்துவிட்டுப் போனவர் வேறொருவர். வயது ஐம்பதைத் தொடுகிறது. ஒரேயொரு தடவை, முன்னால் யாருடைய முதுகும் தெரியாமல் ஒரு கோட்டைத் தாண்டவேண்டும். இந்த ஆசையை அவர் வெளியில் “வாகனப் பொறியியலில் சுதேச முன்னேற்றம்” என்று சொல்லிவந்தார்.

காரைக் குறிஞ்சாக்கேணி ஊர் ஆமினா உம்மாவிடம் வாங்கினார். உம்மாவின் கணவர் அபூதாஹிர் அதை வாடகைக்கு ஓட்டியவர். ஒரு மாலை, கார்களை ஏற்றிக் களப்பைக் கடக்கும் மிதவையில் சில்லுக்கு வைத்த கட்டை நழுவி, கார் தண்ணீருக்குள் விழுந்தது. சனம் முன்பே இறங்கி நின்றதால் உள்ளே இருந்தது அவர் மட்டும். அவர் பக்கத்துக் கதவு சேற்றில் புதைந்துவிட்டது. மனிதர் இடப்பக்கம் தாவியிருக்கிறார். காரைத் தூக்கியபோது இடப்பக்கத்து ஆசனத்தில், கதவுக் கைபிடியைப் பிடித்தபடி இருந்தாராம்.

விற்கும்போது உம்மா ஒன்றுதான் கேட்டார்.

“பொழுதுபடுற மஹ்ரிப் நேரத்தில, எங்க நிண்டாலும், அந்த இடப்பக்கக் கதவ ஒருக்காத் திறந்து வைங்க ஐயா. பிறகு சாத்தலாம்.”

“ஏன்?”

“இறங்கட்டும்.”

வீட்டுப் பூனையைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். திரும்பி வரும் வழி முழுக்கச் சோமசேகரம் மூடநம்பிக்கையின் தீமைகளைப் பற்றிப் பக்கீருக்கு விரிவுரை நிகழ்த்தினார். பக்கீர் கிண்ணியாக்காரர், ஸ்டியறிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் ஓம் போட்டார். ஆனால் கராஜில் வேலை நடந்த நாட்களில், பொழுதுபட்டுப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும், எதையோ சோதிப்பவர்போல இடப்பக்கக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகு சாத்துவார். சோமசேகரம் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தார். பரந்த மனம் உள்ளவர் அல்லவா.

பாரம் குறையாததுதான் அவருடைய பரந்த மனதைச் சுருக்கியது. ஆங்கில மோட்டார் சஞ்சிகை ஒன்றில், கதவை உடலோடு சேர்த்து ஒட்டிவிட்டால் வண்டி வளைவுகளில் நெளியாது, கொண்டி பூட்டுப் பாரமும் மிச்சம் என்று போட்டிருந்தது. இடப்பக்கம் யார் இருக்கப்போகிறார்கள்? இடப்பக்கத்து ஆசனத்தையும் கழற்றச் சொன்னார்.

“அந்தக் கதவ மட்டும் விட்டிருவமே, ஐயா,” என்றார் பக்கீர்.

“பக்கீர், நீர் மெக்கானிக்கோ, மந்திரவாதியோ?”

தான் மெக்கானிக் என்று நிரூபிக்கப் பக்கீர் இரும்பு ஒட்டும் காஸைப் பற்றவைத்தார். நீல நெருப்பு கதவின் ஓரத்தைச் சுற்றி ஊர்ந்து, சுற்றை முடித்து, இரும்பை இரும்போடு சேர்த்தது. உள் கைபிடிகள் இரண்டையும் கழற்றி ஒரு பால்மாத் தகரத்துக்குள் போட்டார்கள். ஓட்டுநர் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு சின்னக் கொண்டி. கண்ணாடிகளை எடுத்துவிட்டு, விமான யன்னல்களுக்கு வரும் பிளாஸ்டிக் தகட்டை ஆணியடித்து இறுக்கினார்கள். கடைசியாகச் சோமசேகரமே துறப்பணத்தை வாங்கி, சஞ்சிகையில் சொல்லியபடி, பாரம் குறைய, காரின் தரை முழுக்கத் துளைகள் போட்டார். ஒவ்வொரு துளையிலும் ஆனந்தராசாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது.

அன்றிலிருந்து கராஜில் நாற்றம். பெற்றோலும் எண்ணெயும் சேர்ந்த பழகிய நாற்றத்துக்கு அடியில், களப்போரக் கண்டல் மரங்களின் காலடியில் கிடக்கும் கறுத்த சேற்றின் வாசம். வாசலைத் திறந்து விட்டாலும் போகவில்லை. மூலையில் கிடந்த இடப்பக்கத்து ஆசனம் விடியற்காலைகளில் நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று சோமசேகரம் சொன்னார். மழை பெய்து மாதக்கணக்காகிறது என்று பூரணி சொன்னாள்.

பொழுதுபடும் நேரம் குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்றால் ஒரு சத்தம் கேட்கும். டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். காரின் உள் கைபிடியை யாரோ இழுத்து, அது பிடிக்காமல் திரும்பி வரும் சத்தம். இரும்பு சூடு தணிந்து சுருங்குகிறது என்று அவர் தனக்கு விளக்கினார். நல்ல விளக்கம். ஒருநாள் போய்ப் பால்மாத் தகரத்தைத் திறந்து பார்த்தார். கைபிடிகள் இரண்டும் அதற்குள் கிடந்தன. அவர் கையில் தகரம் இருக்கும்போதே, பின்னால், டக்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காரைக் கடைசித் தடவையாகத் தராசில் ஏற்றினார்கள். சோமசேகரம் வேண்டுமென்றே கூண்டுக்குப் பக்கத்தில் போகாமல், தூரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

“ஐயா,” என்று கூண்டுக்குள்ளிருந்து சின்னராசா கூப்பிட்டார். “உள்ளுக்க இருக்கிற ஆளை இறக்கிப்போட்டு நிறுப்பமோ?”

சோமசேகரம் திரும்பினார். பக்கீர் காருக்கு வெளியே நின்றார். கூண்டிலிருந்து பார்த்தால் தெரிவது காரின் இடப்பக்கம். மங்கலான பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஆனால் தகட்டின் உட்புறத்தில், ஒரு வாய் இருக்கக்கூடிய உயரத்தில், மூச்சுப் பட்டதுபோல ஒரு வட்டம் பூத்திருந்தது. அது சுருங்கியது. மறைந்தது. பிறகு திரும்பவும் பூத்தது.

சின்னராசா முள் எங்கே நிற்கிறது என்று சொல்லாமலே சுண்ணக்கட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒட்டியதை வெட்டிவிடுகிறேன், பெரிய வேலை இல்லை என்றார் பக்கீர். சோமசேகரத்தின் வாய் சரியென்று சொல்லத்தான் திறந்தது. ஆனால் வெட்டிய தழும்பு நாளைக்கு எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று ஆனந்தராசா கேட்பான். பக்கீர் பொய் சொல்லத் தெரியாத மனுசன். கழகத் தலைவர் பேய்க்குப் பயந்து கதவு திறந்துவிட்டவர் என்று துறைமுகம் முழுக்கச் சிரிக்கும்.

“பந்தயம் முடியட்டும்,” என்றார். “பிறகு என்னவும் செய்யும்.”

மற்றவர்கள் அன்று பகலில் ஒத்திகை ஓடி முடித்துப் போகும்வரை காத்திருந்து, மாலையில் ஓடுபாதைக்குப் போனார்கள். கார் ஓடாமல் மானம் போனால் அது யாருமில்லாத இடத்தில் போகட்டும் என்பது அவர் கணக்கு. இரண்டு பக்கமும் பற்றை. தூரத்தில் கடல் இரைகிறது. சீமெந்துப் பாதை பகல் சூட்டை இன்னும் விட்டுக்கொண்டிருந்தது. சோமசேகரத்தை உள்ளே திணித்துக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்ட பக்கீர், வானத்தைப் பார்த்தார்.

“மஹ்ரிப் நேரமாயிட்டு ஐயா. தொழுதிட்டு வாறன். அதுவரைக்கும் நிண்டுகொள்ளுங்க.”

“நீர் தொழும். நான் ஒரு சுற்றுச் சுற்றிப்போட்டு வாறன்.”

“நான் வந்தாப் பிறகு ஓடுவமே.”

சோமசேகரம் பதிலுக்கு எஞ்சினை இரைத்தார்.

கார் பறந்தது. எஞ்சின் ஹெட்டைச் சீவியதும், இரட்டைக் காபிறேற்றர் பூட்டியதும், இத்தனை நாள் பட்ட பாடும் வீண்போகவில்லை. பற்றைகள் இரண்டு பக்கமும் ஒரே கறுப்புக் கோடாக ஓடின. துளைகளுக்குள்ளால் சூடான காற்று காற்சட்டைக்குள் ஏறியது. முன்னால் ஒருவருமில்லை. ஒரு முதுகும் இல்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தார் என்று அவருக்கே நினைவில்லை.

அப்போது கார் இடப்பக்கம் சாய்ந்தது.

மிக மெல்ல. பக்கத்தில் ஒருவர் உட்காரும்போது சாய்வதுபோல. ஸ்டியறிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தார். சேற்று வாசம் தொண்டைக்குள் இறங்கியது. பாதையின் மறுமுனைத் தொங்கலில், பற்றையோரமாக, எஞ்சின் ஒரு தடவை விக்கி நின்றுவிட்டது.

அமைதி. வானத்தில் சிவப்பு போய்ச் சாம்பல் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில், ஓடுபாதை தொடங்கும் இடத்தில், பக்கீர் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாகக் குனிந்து நிமிர்ந்தார்.

கால் நனைந்தது.

றேடியேற்றர் ஒழுகுகிறது என்று நினைத்தார். றேடியேற்றர் தண்ணீர் சுடும். இது குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். தான் துளைத்த துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஊற்று. மாதக்கணக்காக மழை காணாத சீமெந்திலிருந்து கறுத்த தண்ணீர், அவசரமில்லாமல், உள்ளே ஏறிவந்தது. கணுக்கால். முழங்கால். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். ஏன் வைத்தார் என்று தெரியாது. உப்பு.

டக்.

இடப்பக்கம். ஆசனமில்லாத இடம். அவர் திரும்பவில்லை.

டக். டக்.

பிறகு நகங்கள். இரும்பு ஒட்டிய தழும்பை மேலிருந்து கீழாகத் தடவி, கீழே போய், திரும்பவும் மேலே வந்தன. பொறுமையாக. இத்தனை நாளும் பார்த்துவிட்டு, இன்னொருமுறை பார்ப்பதுபோல.

சோமசேகரம் தன் பக்கத்துக் கதவைத் தடவினார். கைபிடி இல்லை. கொண்டி வெளியே. பிளாஸ்டிக் தகட்டில் முட்டியால் குத்தினார். நல்ல தகடு. விமானத் தகடு. நெளிந்து நெளிந்து நிமிர்ந்தது. பக்கீரைக் கூப்பிட்டார். பிறகு பூரணியை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது.

வெளிச்சம் ஒன்று ஆடி ஆடி ஓடி வந்தது. பக்கீர். கையில் டோர்ச். செருப்புக்கூட இல்லை. “வாறன் ஐயா, வாறன்.” கொண்டியில் கை வைக்கும் சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் அசைந்தது. சோமசேகரத்துக்கு அழுகை வந்தது.

பக்கீர் டோர்ச்சை உள்ளே பிடித்தார்.

வெளிச்சம் சோமசேகரத்தின் முகத்தில் நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் போய், இடப்பக்கத்தில் நின்றது. அங்கேயே நின்றது. பக்கீரின் உதடுகள் எதையோ ஓதத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டன. கொண்டியிலிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. வெளிச்சம் சிறுத்தது.

தண்ணீர் நாடியைத் தொட்டது.

அதற்கு அடியில், இருட்டில், ஊறிப்போன ஒரு கை அவருடைய கையைத் தேடி எடுத்தது. முரட்டுத்தனம் ஏதுமில்லை. புதிதாக ஏறியவருக்கு இடம் காட்டும் வாடகைக் கார்க்காரனுடைய மரியாதையோடு, அந்தக் கை அவருடைய விரல்களை இடப்பக்கக் கதவுக்குக் கொண்டுபோய், கைபிடி இருந்த இடத்தில் வைத்து, மூடி, இறுகப் பிடித்தது.