மிதி, விடு

“மிதி” என்று டாக்டர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே பெடல் மிதிபட்டது.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய டீசல் பிக்கப்பின் தூக்கி நிறுத்திய பானெட்டுக்குக் கீழே, இன்ஜின் சூட்டில் முகம் வேக, பிரேக் பூஸ்டரின் கறுத்த தகர வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டறையின் தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்கும் இன்ஜினின் கடகடப்புக்கும் அடியில், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பதுபோல ‘ஸ்ஸ்’ என்று கேட்டது. மிதித்தால் வரவேண்டிய சத்தம்தான். வந்த நேரம்தான் சரியில்லை.

அவர் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. ‘பிரேக் டாக்டர்’ என்று பலகை எழுதி வாசலில் மாட்டியவர் அவரேதான். ஊர் உடனே அப்படிக் கூப்பிட்டுவிடவில்லை. கூப்பிடாதவர்களின் வண்டி வரிசையில் பின்னுக்குப் போனது, பிறகு ஊரே கூப்பிட்டது. போட்டுக்கொள்ளும் கோட்டையும் வெள்ளையாகத்தான் வாங்கினார். வண்டிகளைப் ‘பேஷண்ட்’ என்பார். மெக்கானிக் சங்கக் கூட்டத்தில் ‘பிரேக்கும் மனித வாழ்வும்’ என்று பேசத் தொடங்கியவரை, மைக்கைப் பிடுங்கித்தான் நிறுத்த முடிந்தது.

அவர் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. பிரேக்கைச் சோதிக்கும்போது ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். டாக்டர் முன்னால் நின்று கேட்பார். பேச்சு இரண்டே சொல். மிதி. விடு. சீட்டில் இருப்பவர் பதில் சொல்லக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. “ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸ் கதை பேசிக்கிட்டு நிப்பாங்களா?” என்பார். நிமிர்ந்த பானெட் கண்ணாடியை முழுக்க மறைத்துவிடும். சீட்டில் யார் என்று அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. சொன்னது நடந்தால் போதாதா?

இன்று மிதிக்க வந்தவள் அவர் மகள். மலைக்குக் கீழே உள்ள நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் பின்னால் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. பொழுது இருட்டுவதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு தாய்மாமன் இதே வண்டியில் இறங்கப் போகிறான், வண்டி அவனுடையது. இறக்கம் முழுக்க வளைவுதான். ஒரு வாரமாகப் பெடல் கல்லாக இறுகியிருந்தது. எழுந்து நின்று மிதித்தால்கூட, வண்டி யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் நிற்கிறது.

வேறு வண்டி பிடிக்கலாம் என்று மனைவி சொன்னாள். பிரேக் டாக்டரின் மகள் பிரேக்குக்குப் பயந்து வாடகை வண்டியில் போவதா? அந்தப் பேச்சு அதோடு நின்றது.

டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜின் மாதிரித் தானாகக் காற்றை உறிஞ்சித் தராது. டைனமோவுக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப் அதைச் செய்யும். அந்த உறிஞ்சல்தான் பூஸ்டருக்குள் நின்று மனிதக் காலுக்குத் துணையாக அழுத்தும். பம்ப் மாற்றினார். குழாய் மாற்றினார். வால்வு மாற்றினார். பூஸ்டரையே மாற்றினார். மீட்டர் முள் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. உறுப்பெல்லாம் நலம், பேஷண்ட் மட்டும் பிழைக்கவில்லை. “சிக்கலான கேஸ்” என்றார். தெரியவில்லை என்பதை நிஜ டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

“விடு.”

மூச்சு வெளியேறியது.

வாயைத் திறந்தார். சொல் வருவதற்குள் ‘ஸ்ஸ்’. அடுத்த முறை வாயைத் திறக்கவே இல்லை, மனதுக்குள் நினைத்தார். ‘ஸ்ஸ்’. அதற்கடுத்து எதையும் நினைக்காமல், ரேடியேட்டரில் ஒட்டியிருந்த செத்த பூச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீளமாக, நிதானமாக, தூங்குகிறவரின் மூச்சுபோல அது இழுத்தது.

“அப்பா, டீ.”

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. மகள் நனைந்த குடையோடு நின்றிருந்தாள். அவர் ஒரு காதிலிருந்து குழலை எடுத்தார்.

“நீ எப்போ எறங்கினே?”

“அப்பவே. சொல்லிட்டுத்தானே போனேன். தலைய ஆட்டினீங்க.”

“உள்ள யாரு?”

“பேஷண்ட்தான்” என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இன்னொரு காதில் மூச்சு இழுத்தபடியே நின்றது. விடவில்லை.

அவர் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தார். சீட் காலி. பெடல் அடிவரை அமுங்கிக் கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக, அவசரமே இல்லாமல் மேலே வந்தது.

“ஸ்பிரிங் வீக்” என்றார் டாக்டர்.

மகள் உடனே தலையாட்டினாள். வளர்ப்பு அப்படி.

ஏறி உட்கார்ந்தார். இன்ஜினை அணைத்தார். உள்ளே மிச்சமிருக்கும் உறிஞ்சல் தீரும்வரை பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துவிட்டு, அழுத்திப் பிடித்தபடி இன்ஜினைப் போட்டார். நல்ல வண்டியானால் இப்போது பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை.

இரும்பின் கடினம் இல்லை அது. முதலில் சதைபோல லேசாக அமுங்கியது. அப்புறம் எலும்பு. யாருடைய புறங்காலின் மேலோ ஏறி நிற்பதுபோல. கீழிருந்து அது தள்ளியது. நாளெல்லாம் ஷூவுக்குள் கிடந்து வெந்த காலின் வாடை எழுந்தது. அவருடைய வலது கால் விரல்களில் ஒரு குளிர் ஏறி, பாதத்தை மரத்துப்போகச் செய்து, கணுக்காலில் வந்து நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி எழுந்து, முழு எடையோடு மிதித்தார்.

ஏதோ விலகியது. பெடல் பிசகில்லாமல் கீழே இறங்கியது.

மைத்துனன் அப்போதுதான் மழையை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். “என்ன அத்தான், பேஷண்ட் பொழைச்சானா? இல்ல, பொட்டலமா கட்டித் தரப் போறீங்களா?”

“பூஸ்டர்ல காத்தடைப்பு. எடுத்துட்டேன்.”

அப்படி ஒரு வியாதி கிடையாது. மைத்துனன் ஏறி மிதித்துப் பார்த்தான். மறுபடி மிதித்தான். வாசல்வரை ஓட்டி நிறுத்தினான்.

“வெண்ணெய் மாதிரி இருக்கு. பலகை சும்மா எழுதல நீங்க.”

டாக்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மகள் கதவைச் சாத்தும்போது சொன்னார்: “வழியில எதுன்னாலும் போன் பண்ணு. நான் என்ன சொல்றேனோ அதை அப்படியே செய்யணும். கேள்வி கூடாது.”

“தெரியும்பா.”

போய்விட்டார்கள். மழை மெலிந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்தார். மகள் ஊரைவிட்டுப் போகிறாள். அழுகை வர வேண்டும். வரவில்லை. வலது பாதத்தைக் கிள்ளிப் பார்த்தார். ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை.

அப்புறம் புறங்காலின் மேல் ஒரு பாரம் இறங்கியது.

ரத்தம் ஓடத் தொடங்கியிருக்கும் என்று நினைத்தார். பாரம் எழுந்தது. மறுபடி இறங்கியது. முன்னைவிட அழுத்தமாக.

ஷூவைக் கழற்றினார். காலுறையை உருவினார்.

தோலில் குறுக்குக் கோடுகள் பதிந்திருந்தன. வரிசையாக, வெள்ளையாக. வலது மூலையில் மட்டும் கோடு இல்லை. அந்தப் பெடல் ரப்பர் வலது மூலையில் தேய்ந்துபோனது. ஒரு வாரமாக அவர் பார்த்துக்கொண்டிருக்கும் ரப்பர்.

பாரம் இறங்கியது. கோடுகள் ஆழமாயின. பாதம் தரையைவிட்டு எழும்பி எதிர்த்துத் தள்ளியது. அவர் தூக்கவில்லை.

போன் அடித்தது.

“அப்பா, பெடல் திரும்பவும் கல்லாயிடுச்சாம். எறக்கத்துல இருக்கோம். மாமா ஏறி நின்னு மிதிக்கிறாரு. என்ன செய்யணும்?”

அவள் குரலில் பயமில்லை. டாக்டரிடம் அல்லவா கேட்கிறாள்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் காலைக் கீழே அழுத்தினார். இறங்கவில்லை. முட்டியைக் குத்தினார். வலி இல்லை. கோடுகளைச் சுற்றி நீலம் பாய்ந்தது. பாதம் தள்ளியது. இன்னும். இன்னும்.

“விடு” என்றார்.

காலிடம்.

போனில் கொஞ்சம் மழை. பிறகு வாய் சற்றுத் தள்ளிப் போக, அந்தக் கீழ்ப்படிந்த குரல்:

“மாமா, அப்பா விடச் சொல்றாரு.”

புறங்காலிலிருந்து பாரம் எழுந்தது.

கோடுகளில் மெல்ல ரத்தம் நிறைந்தது. போனில் நீளமாக ஒரு ‘ஸ்ஸ்’.

“மிதி” என்றார் டாக்டர். “மிதி. மிதி.”

காலின் மேல் எதுவும் இறங்கவில்லை. அது மட்டும் அந்தரத்தில் எழும்பி நின்று, காத்துக்கொண்டிருந்தது.