சமைத்த கைக்கு வளையல்

மீன் குழம்பின் முதல் கவளத்திலேயே இசக்கிராஜின் இடது கன்னத்தில் அறை விழுந்தது. கையிலிருந்த சோறு சிதறியது. கன்னத்தைத் தடவியபடி சுற்றிப் பார்த்தான். யாரும் அடித்திருக்கவில்லை. அவன் மனைவி மாரிலதா நாலடி தள்ளித் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். அவளுடைய இடது கன்னத்தில் நேற்று அவன் விரல்கள் பதிந்த தடம் நீலம் பாய்ந்து கிடந்தது.

“என்னட்டி போட்டிருக்க இதுல?”

“எப்பவும் போடுறதுதான்.”

“வலிக்குதுட்டி!”

“ஆமா,” என்றாள். “வலிச்சுது.”

தூத்துக்குடியின் கடலோரக் கோபுர வீடுகளில் உணர்வளை இல்லாத சமையலறை கிடையாது. பார்வைக்குச் சாதாரண வளையல்தான். சமைப்பவரின் மணிக்கட்டில் நாடியைப் பிடித்து, மனதில் ஓடுவதை அடுப்புக்குச் சொல்லும். அடுப்பு அதற்கேற்ற நுண்மணங்களைக் கொதியில் கலக்கும். சமைத்தவர் உணர்ந்ததைச் சாப்பிடுபவரும் உணர்வார். வளை இல்லாமல் அடுப்பு பற்றாது. சமையல் முடியும்வரை வளையைக் கழற்றவும் வராது. பாத்திரத்தில் இருப்பது பதமானதும் அடுப்பு ஒரு பெண் குரலில் பாடும்: “சமைத்த கைக்கு வளையல்!”

வாங்கிய புதிதில் மாரிலதாவுக்கு அது விளையாட்டாக இருந்தது. இன்றைக்கு என்ன வைப்பது என்று தினமும் மண்டையை உடைத்துக்கொண்டவள், இப்போது இன்றைக்கு எதை நினைப்பது என்று யோசித்தாள். வீட்டில் நாலு கத்தரிக்காய் மட்டும் இருந்த ஒரு நாள், சன்னலுக்குக் கீழே உப்பளத்தில் திடீரென்று மழை பிடித்தது. ஆட்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உப்புக் குவியல்களை நோக்கி ஓடுவதைப் பார்த்தபடியே புளிக்குழம்பு வைத்தாள். அன்று சாப்பிட்டவர்கள் எல்லோருடைய உச்சந்தலையிலும் முதல் மழைத்துளி விழுந்தது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா அதற்குப் பிறகு கிண்ணத்தோடுதான் வந்தாள். “லதா, அந்த மழைக் குழம்பு வச்சா சொல்லு. எங்க வீட்டுல வெயில்தான் கொதிக்குது.”

அந்த மீன் குழம்புக்கு முந்தின நாள் இசக்கிராஜின் கூட்டாளி ஒருவன் விரலைச் சப்பிக்கொண்டே, “மச்சான், இந்தச் சோத்துக்கு நான் இங்கேயே தங்கிருதேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிராஜும் சிரித்தான். அவர்களை லிஃப்ட் வரை போய் அனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினான். “ரொம்பப் பேரு வாங்குத, என்னா?” என்றான். முதல் அடி அப்போது விழுந்தது.

அதன்பிறகு குழம்புகளில் மழை பெய்யவில்லை. சாம்பாரில் அவனுக்குத் தன் காலடிச் சத்தமே கேட்டது. லிஃப்ட் திறக்கிறது, செருப்பு தேய்கிறது, சாவி திரும்புகிறது. தன் வீட்டில், தன் நாற்காலியில், தான் வருவதற்கே அவன் நடுங்கினான். தட்டைச் சுவரில் எறிந்தான்.

“சந்தோசமா சமைட்டி! சிரி!”

அவள் சிரித்துக்கொண்டே பீன்ஸ் பொரியல் செய்தாள். அதில் அவள் அடக்கிய அழுகை இருந்தது; அவனால் விழுங்கவே முடியவில்லை. அன்று கரண்டிக் காம்பால் விலாவில் அடித்தான். அடிக்கிறபோதெல்லாம் ஒன்றையே சொன்னான்: “சமைச்ச கைய ஒடிச்சாத்தான் சரிப்படும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கையை முறுக்கி வளையைப் பிடுங்கினான். மணிக்கட்டில் தோல் உரிந்து வந்தது. “ஒனக்கு மட்டுந்தான் தெரியுமோ? நான் சமைக்கேன், பாரு.” அவள் குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டாள். மூச்சு விடும்போது விலாவில் ஏதோ குத்தியது. போன் அடுப்பு மேடையில் கிடந்தது. அவனுக்கு உப்புப் பார்க்கத் தெரியாது என்பது அந்த நேரத்தில் ஏனோ அவள் நினைவுக்கு வந்தது.

உணர்வளையின் குறிப்பேட்டில் ஒரு வரி உண்டு: சமைப்பவர் இடையில் சுவைக்க வேண்டாம். பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. கொதி வாசத்திலேயே உப்புத் தெரிகிறவர்களுக்கு அந்த வரி எதற்கு?

இசக்கிராஜ் கறியைக் கொதிக்கவிட்டு, ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கினான். உப்பில்லை. கூடவே யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று அவனை வெறுப்போடு பார்த்தார்கள். திரும்பினான். யாருமில்லை. எரிச்சல் வந்தது. வளை அதையும் வாங்கி அடுப்புக்குக் கொடுத்தது.

உப்புப் போட்டு மறுபடி நக்கினான். யாரோ பிடரியைப் பிடித்து உலுக்கினார்கள். உப்புக் கூடிப்போயிருந்தது. தண்ணீர் ஊற்றி நக்கினான். வயிற்றில் உதை விழுந்தது. கோபம் கோபத்தைத் தின்று கொழுத்தது. ஐந்தாவது துளியில் கண் இருட்டியது. ஏழாவது துளியில் அவனுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: இதைச் சமைத்தவன் தன்னைக் கொல்லப் பார்க்கிறான்.

“யாருல சமைச்சது?”

சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. காலடிகள் குளியலறையை நோக்கி வந்தன. இரும்பு தோசைக்கல்லின் முதல் அடியில் கதவு பிளந்தது. மூன்றாவதில் தாழ் தெறித்தது. அவன் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. கடைவாயில் குழம்பு வழிந்தது.

“சமைச்ச கைய காட்டு! காட்டுட்டி!”

மாரிலதா சுவரோடு ஒட்டியிருந்தாள். ஓட இடமில்லை. தோல் உரிந்த வெறுங்கையை நீட்டினாள்.

“நான் சமைக்கலைங்க. வளையல் யாரு கையில கெடக்குன்னு பாருங்க.”

ஓங்கிய தோசைக்கல் நின்றது. இசக்கிராஜ் மெல்லக் குனிந்து தன் வலது மணிக்கட்டைப் பார்த்தான். வளை பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் குழப்பம் இல்லை. தேடியவனைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

திரும்பிச் சமையலறைக்குப் போனான். தோசைக்கல்லை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். தோசைக்கல்லை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். “இந்தக் கைதான்,” என்றான். “இந்தக் கைதான்.” முதல் அடியில் விரல்கள் நொறுங்கின. அவன் கத்தினான். கத்தியது யாரென்று பார்க்காமலே மறுபடி ஓங்கினான். உடைந்த கையிலிருந்த வலியை வளை ஒன்றுவிடாமல் படித்துச் சொல்ல, அடுப்பு அதைக் கொதியில் கலந்தது. நான்காவது அடியில் அவன் தரையில் சரிந்தான்.

“சமைத்த கைக்கு வளையல்!” என்று அடுப்பு பாடியது. வளை தானாகத் திறந்து கழன்று உருண்டது.

மாரிலதா போனை எடுத்து ஆம்புலன்சை அழைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். நடைபாதையில் ஜெசிந்தா பதறி நின்றாள். பழக்கதோஷத்தில் கையில் கிண்ணம் இருந்தது.

“என்னட்டி சத்தம்? ஐயோ, கையில ரத்தம்! உள்ள அடுப்புல என்ன கொதிக்குது, வாசமே ஒரு மாதிரி...”

“அவரு வச்ச கறி அக்கா,” என்றாள் மாரிலதா. “நீங்க வாயில வச்சிராதீங்க. அது அவருக்கு மட்டும் வச்சது.”