சூட்டுக்காற்று வரும் வழி

பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் யாசீன் யாரோ ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். சமையலறையில் நின்ற வேரோனிக்காவுக்கு அது காலடியில், சூட்டுக்காற்று வரும் தரைத் துவாரத்தின் வழியாகக் கேட்டது. அதில் புதினமில்லை. இந்தக் குளிர்தேசத்தில், ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் புதிதாகக் கட்டிய வீடுகளின் தகரக் குழாய்கள், பேஸ்மென்ற்றில் எரியும் ஃபர்னஸின் சூட்டோடு சேர்த்துக் கீழே இருப்பவரின் தும்மலையும் மேலே கொண்டுவரும். ஆனால் தன் ஊருக்குத் தொலைபேசி இணைப்பு அறுந்து ஒரு கிழமையாகிறது என்று, காலையில் வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றபோது அவரே சொல்லியிருந்தார்.

அவருடைய ஊர் யேமனில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஊருக்குள் ஒரு பிரிவினர் துவக்குகளோடு இருந்தார்கள். சுற்றியுள்ள குன்றுகளில் மற்றப் பிரிவினர் பீரங்கிகளோடு இருந்தார்கள். இரண்டு பக்கமும் முஸ்லிம்கள். நேற்றுவரை ஒரே சந்தையில் கோதுமை மா வாங்கியவர்கள். இப்போது மாவும் உள்ளே போவதில்லை, மருந்தும் போவதில்லை. யாசீனின் மனைவியும் மகளும் அதற்குள் அகப்பட்டிருந்தார்கள். எந்தப் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்று வேரோனிக்காவின் கணவன் றொய்சன் ஒருநாள் கேட்டதற்கு, தான் ஒரு பிரிவு, மனைவி மற்றப் பிரிவு என்று மட்டும் அவர் சொன்னார்.

லைன் திரும்பி வந்துவிட்டதாக்கும் என்று வேரோனிக்கா ஆறுதலடைந்தாள். ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. மகள் ஏஞ்சலா மேல்மாடி அறையில் படங்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். வேரோனிக்கா பருப்புக்கு உப்புப் போட்டுவிட்டு, விளங்காத அந்த அரபுப் பேச்சையும், நடுநடுவே கேட்ட ஒரு பிள்ளையின் இருமலையும் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான், வெங்காயத்தின் மணத்தையும் துவைத்த உடுப்பின் மணத்தையும் ஊடறுத்துக்கொண்டு அந்த வாடை மெதுவாக ஏறி வந்து, நெடுநாள் மறந்திருந்த ஒருவர் பின்னால் வந்து தோளில் கைவைத்ததுபோல அவளைத் தொட்டது.

சுண்ணாம்புச் சுவர். ஷெல் விழுந்து இடிந்த சுவரின் வாடை. மன்னாரில், சின்ன வயதில், பங்கருக்குள் முகம் குப்புறக் கிடந்து மூச்சோடு இழுத்த அதே வாடை.

குனிந்து பார்த்தாள். துவாரத்தைச் சுற்றித் தரையில் வெள்ளைத் தூசு படிந்திருந்தது. விரலால் தொட்டபோது நறநறத்தது. கீழே, வெகு ஆழத்தில், ஏதோ விழுந்து அதிர்ந்தது. பருப்புச் சட்டியின் மேல் வட்டம் வட்டமாக அலை எழும்பி அடங்கியது.

அவள் றொய்சனுக்குப் போன் எடுத்தாள். மிசிசாகாவில், விமான நிலையத்தில், அவனுக்குப் பின்னேர வேலை.

“உது ஃபர்னஸப்பா,” என்றான். “ஃபில்டர் மாத்தேல்லை, அதுதான் தூசு. நீர் பயப்பிடாதையும்.”

“ஷெல்லடிச்ச மணம் எனக்குத் தெரியாதோ?”

முடிந்த அளவு வெள்ளன வருவதாகச் சொல்லி அவன் போனை வைத்துவிட்டான். நெடுஞ்சாலையில் பனி. வர ஒரு மணித்தியாலமாவது எடுக்கும்.

வேரோனிக்கா பேஸ்மென்ற் கதவைத் திறந்து கூப்பிட்டாள். பதிலில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். விளக்கில்லை. மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் யாசீன், ஃபர்னஸுக்குப் பக்கத்தில், தகரக் குழாயில் கன்னத்தை வைத்தபடி முழங்காலில் இருந்தார். அவருடைய போன் எட்டத்தில், கட்டிலில், உயிரில்லாமல் கிடந்தது.

“என் மனைவியும் மகளும் ஊர் வீட்டுக்கு அடியில் தோண்டிக்கொண்டு வருகிறார்கள், சிஸ்ரர்,” என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். “என் குரல் கேட்கும் பக்கமாகத் தோண்டச் சொன்னேன். கிட்ட வந்துவிட்டார்கள்.”

பாவம், துக்கத்தில் மனுசனுக்கு மனம் குழம்பிவிட்டது என்று அவள் நினைத்தாள். அவரை எழுப்பக் குனிந்தபோது கை குழாயில் பட்டது. சுட வேண்டிய தகரம் சில்லென்றிருந்தது. உள்ளே நகங்கள் சுரண்டின. அவளுடைய முழங்கை உயரத்தில், தகரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பிள்ளை இருமியது.

யாசீன் சிரித்தார். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது.

சுரண்டல் இல்லை. இருமல் இல்லை.

சப்பாத்துக்கள். குழாய்க்குள், தூரத்தில், பல சப்பாத்துக் கால்கள் மிதித்து வரும் சத்தம். ஓர் ஆணின் குரல் எதையோ கேட்டது. கோபமில்லாத குரல். திரும்பவும் அதையே கேட்டது.

“நான் கூப்பிட்டது மற்றவர்களுக்கும் கேட்டுவிட்டது,” என்றார் யாசீன்.

“ஆருக்கு?” தமிழில்தான் அவளுக்கு வாயில் வந்தது.

அவருக்கு விளங்கியது. “தெரியவில்லை. குன்றில் இருப்பவர்களா, ஊருக்குள் இருப்பவர்களா, தெரியவில்லை. இரண்டு பேரும் வழிமறித்து இதைத்தான் கேட்பார்கள். தொழும்போது கையை எப்படி வைப்பாய் என்று. நெஞ்சில் கட்டினால் ஒரு பிரிவு. தொங்கவிட்டால் மற்றது. கேட்பது எந்தப் பிரிவு ஆளென்று தெரியாமல் பதில் சொன்னால்...”

குரல் நகர்ந்தது. சமையலறைக்குப் போகும் குழாயில் கேட்டது. பிறகு அதற்கும் மேலே.

மேலே.

அப்போது மேல்மாடியிலிருந்து ஏஞ்சலாவின் குரல், குழாய் வழியே, தெளிவாக, சந்தோசமாக வந்தது.

“நாங்களோ? நாங்கள் இப்பிடித்தான்.”

வேரோனிக்கா ஓடினாள். படி. சமையலறை. கருகும் பருப்பு. மறுபடியும் படி. கால் தடக்கியது. எழும்பினாள். சுவரிலெல்லாம் வெள்ளைத் தூசு. யேசுவே. யேசுவே. கதவு.

பிள்ளை தரைத் துவாரத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். துவாரத்தின் மூடி கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. கோயிலில் செய்வதுபோல இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தாள்.

“அம்மா, இதுக்குள்ள இருந்து ஒரு அங்கிள், நாங்கள் எப்பிடிக் கும்பிடுறனாங்கள் எண்டு கேட்டவர்,” என்றாள் திரும்பாமலே. “தமிழிலதான் கேட்டவர்.”

துவாரத்திலிருந்து இரண்டு கைகள் வெளியே வந்திருந்தன. முழங்கைவரை சுண்ணாம்புத் தூசு. அவசரமில்லாமல் அவை பிள்ளையின் கூப்பிய கைகளைப் பிரித்தன. ஒன்று அவளுடைய வலது கையை எடுத்து நெஞ்சின் மேல் மடித்து வைத்தது. மற்றது அவளுடைய இடது கையைப் பிடித்துக் கீழே நேராகத் தொங்கவிட்டது.

அவை ஒரே ஆளின் இரண்டு கைகள் அல்ல; பிரிவுக்கு ஒன்று.

இரண்டும் இறுகின. ஆளுக்கொரு பக்கமாக இழுக்கத் தொடங்கின.