இடுப்புக்கு இதமான பள்ளம்

மெத்தையில் ஏற்கெனவே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

தஞ்சாவூரிலிருந்து டெம்போவில் வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பாலிதீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை, ஒருத்தரும் அதில் உட்காரவும் இல்லை. ஆனால் உறைக்கு உள்ளே, பூப்போட்ட மெரூன் துணியில், தோளுக்கு ஒரு குழி, இடுப்புக்குக் கீழே ஒரு குழி, குதிகாலுக்கு இரண்டு சின்னக் குழி. ஷமீரா உறையோடு சேர்த்துத் தடவிப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் வந்த வண்டி, சூடு இருக்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"மாமி, இங்க பாருங்களேன். யாரோ படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்கு."

"நாந்தானே கடையில படுத்துப் பாத்தேன்? அந்தப் பள்ளமா இருக்கும்" என்று சிரித்தார் மாமியார் சைத்தூன் பீவி.

சைத்தூன் பீவி குள்ளம், உருட்டிவைத்த உடம்பு. பள்ளமோ நீளமாக, ஒல்லியாக இருந்தது. தெருவில் ஷமீராவை நெட்டைக் கொக்கு என்று கேலி பேசாத பொம்பளை கிடையாது. அந்தக் கொக்கைப் படுக்கவைத்து அளவெடுத்த மாதிரி இருந்தது அது.

கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் புருஷன் தௌபீக் முத்துப்பேட்டையில் இருந்தது மொத்தமே ஐந்து மாதம். மற்ற நாளெல்லாம் துபாயில், ஒரு கம்பெனி ஸ்டோரில் சூப்பர்வைசர். அவன் அனுப்பிய காசில் மாடி எழும்பியது, டெலிபோன் வந்தது, பிரிட்ஜ் வந்தது, அவன் மட்டும் வரவில்லை. அறுபது வயது மாமியாரும் அவளுமாக, எட்டு அறையுள்ள வீட்டில் ஒருத்தர் காலடியை ஒருத்தர் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள். இப்போதுதான் அவளுக்குக் குடும்ப விசா கிடைத்திருக்கிறது. மாத முடிவுக்குள் போய் இறங்காவிட்டால் செல்லாது. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குத் தம்பி ஆஸிம் கார் கொண்டுவருவான், விடியற்காலை மெட்ராஸில் பிளைட். இந்த நேரம் பார்த்துத்தானா கேஸ் சிலிண்டரைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டும்? ஐந்து நிமிஷம் நின்றால் கண்ணில் தண்ணீர் முட்டியது.

டாக்டர் மாத்திரை எழுதினார். "மெத்துமெத்துன்னு பஞ்சு மெத்தையும் வேணாம், கட்டாந்தரையும் வேணாம். ரெண்டுக்கும் நடுவுல, முதுகைத் தாங்குற மாதிரி நார் மெத்தையா பாருங்க" என்றார்.

கடையில் மருதையன் என்ற வயசான விற்பனையாள் நல்லபடியாகத்தான் சொன்னார். "வலி யாருக்கோ அவங்க படுத்துப் பாக்கணும்மா. மெத்தையும் செருப்பும் அடுத்தவங்க போட்டுப் பாத்து வாங்குற சாமானா?"

"நல்லா இருக்கே! நாலு ஆம்பளை நிக்கிற எடத்துல, பட்டப்பகல்ல, வயசுப்புள்ள நீட்டிப் படுக்கவா? ஊருக்குத் தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்" என்று மாமியார் துப்பட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு, மருமகளுக்குப் பதிலாகத் தானே ஒவ்வொரு மெத்தையிலும் ஏறிப் படுத்தார். ஸ்பிரிங் மெத்தை ஆட்டியது. ஸ்பாஞ்சு ஆளை விழுங்கியது. நாலாவது நார் மெத்தை. அதில் கண்ணை மூடிப் படுத்தவர், இதையே கட்டச் சொன்னார். ஷமீரா புர்காவுக்குள்ளிருந்து கையை நீட்டி ஓரத்தை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான் அவள் தேர்ந்தெடுத்த லட்சணம்.

மெத்தை வந்த அன்று மதியம் அவள் அந்தப் பள்ளத்தில் படுத்தாள். தோள் தோளுக்கான குழியில் போய்ப் பொருந்தியது, இடுப்புக்கு அடியில் மெத்தை மெல்ல எழும்பி முட்டுக்கொடுத்தது, இத்தனை நாளாக உயிரை வாங்கிய வலி, அணைத்த விசிறிபோல மெள்ள மெள்ளச் சுழன்று நின்றே போயிற்று. அல்லாஹ்வே, இதுவல்லவா சுகம் என்று அழுதேவிட்டாள். ஜன்னல் வழியாக அலையாத்திக் காட்டுச் சேற்றின் உப்பு வாடை வந்தது. எங்கோ மோட்டார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. கண் விழித்தபோது அஸர் பாங்கு முடிந்து, தொழுகை நேரமும் தவறியிருந்தது. எழுந்து உட்கார்ந்தாள், வலி நாய் கவ்வியதுபோலப் பிடித்தது, முன்பைவிட இரண்டு மடங்கு.

மறுநாள் ஒரு மணி நேரம் என்று படுத்தவள் நாலு மணி நேரம் கிடந்தாள். அதற்கு மறுநாள் கரண்ட் போனது. விசிறி நின்ற அமைதியில் காதுக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. நார் நெரிபடும் சத்தம். அவள் மூச்சை இழுத்தபோது அதுவும் இழுத்தது, கொஞ்சம் பிந்தி. அவள் மூச்சை அடக்கினாள். அது ஒரு தடவை கூடுதலாக விட்டுவிட்டுத்தான் அடங்கியது. உருண்டு எழுந்து மாமியாரைக் கூப்பிட்டாள்.

மாமியாரும் அவளுமாக மெத்தையைத் திருப்பிப் போட்டார்கள். கீழ்ப்பக்கம் மேலே வந்தது. அதே பள்ளம் அங்கேயும் இருந்தது. குதிகால் குழி இரண்டும் இன்னும் ஆழமாக.

"நார்னா அமுங்கத்தான் செய்யும் புள்ள" என்றார் சைத்தூன் பீவி. "சொகமா இருக்குல்ல? பேசாம கெட."

அன்றிரவு தரையில் பாய் விரித்துப் படுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கியும் போனாள். விழித்தபோது மெத்தையில் இருந்தாள். பாய் சுருட்டி மூலையில் வைத்திருந்தது. யார் சுருட்டியது என்று மாமியாரைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை தௌபீக் போன் பண்ணினான். "பிளைட்ல நாலு மணி நேரம் உக்காரணும் ஷமீரா. இடுப்பு தாங்குமா? மெத்தை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மச்சான். ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு."

அவன் சிரித்தான். லைன் கரகரவென்று அறுந்துபோனது.

வியாழக்கிழமை காலையிலிருந்து அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. நின்றே பெட்டி கட்டினாள், நின்றே சாப்பிட்டாள், நாற்காலியில் உட்கார்ந்து லுஹர் தொழுதாள். இரண்டரை மணிக்கு வலி முதுகுத்தண்டில் ஏறிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த இடுப்போடு மெட்ராஸ் வரைக்கும் எப்படிப் போவது? ராத்திரி முழுக்கக் காரில் எப்படி உட்காருவது? விசா போனால் இன்னும் ஆறு வருஷம் இந்த எட்டு அறைகளிலா? பத்தே பத்து நிமிஷம். தூங்கக் கூடாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் படுத்தால் போதும் என்று நினைத்தாள். அடுப்படியில் மாமியார் மகனுக்குக் கொடுத்தனுப்ப முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார், எண்ணெய்ச் சட்டி சடசடத்தது. ஷமீரா படுத்தாள்.

வலி போயிற்று.

சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகப் பத்து நிமிஷம் ஆனதும் எழப் பார்த்தாள். கை வரவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று விரலை அசைத்தாள். விரல் அசைந்தது, ஆனால் விரலைச் சுற்றி இரண்டு பக்கமும் துணி இருந்தது. மெரூன் துணி. அது அவள் தோள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. இல்லை, அவள்தான் இறங்கியிருந்தாள்.

மாமி என்று கத்தினாள். சத்தம் துணிக்குள் போய் அடங்கிவிட்டது. இடுப்பை நார் பிடித்துக்கொண்டது. இறுக்கமாக இல்லை, இதமாக. டாக்டர் சொன்ன மாதிரியே. மெத்துமெத்தென்றும் இல்லை, கட்டாந்தரையாகவும் இல்லை. காதை மூடியது. நெற்றியை மூடியது. மெல்ல. அவசரமே இல்லாமல். கடைசியாக முகத்துக்கு மேலே பூப்போட்ட துணி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தது. மூச்சு வந்தது. அவளுக்காக வேறு எதுவோ மூச்சு விட்டது.

கார் ஹாரன்.

"அக்கா! கிளம்பியாச்சா? நேரமாவுது!" ஆஸிமின் குரல். படியேறும் செருப்புச் சத்தம். கதவு திறந்தது. துணியின் இழைகளுக்கு நடுவே அவளுக்கு வெளிச்சம் தெரிந்தது, ஆஸிமின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. "இங்கேயும் இல்லையே மாமி. பெட்டி இருக்கு, புர்கா இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு. ஆளு எங்க?"

இங்கேதான்டா. இங்கே. கையெட்டும் தூரத்தில்.

மொட்டைமாடிக்கு ஓடினார்கள். கிணற்றுக்குள் டார்ச் அடித்தார்கள். பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகத்திடம் கேட்டார்கள். கார் தெருத்தெருவாகச் சுற்றும் சத்தம் கேட்டது, தூரமானது, திரும்ப வந்தது, மறுபடி போனது. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, அணைந்தது. பிளைட்டுக்கான நேரம் ஒவ்வொரு நிமிஷமாகப் போனது. கடிகாரச் சத்தத்தை வைத்து அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

நடந்து ஓய்ந்துபோன சைத்தூன் பீவி அறைக்குள் வந்தார். விளக்கைப் போடவில்லை. மூக்கை உறிஞ்சினார். "எங்க புள்ள போனே... சொல்லாமக்கூட போனியே..." என்று கட்டிலில் உட்கார்ந்தார். ஷமீராவின் வயிற்றின்மேல் அந்தக் கனம் இறங்கியது. மாமி, எந்திரிங்க. மாமி. அவர் காலை மேலே எடுத்துவைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ந்தார். மெத்தை அவருக்குக் கீழே தட்டையாக, வழவழவென்று இருந்தது.

"யா அல்லாஹ்" என்று அவர் பெருமூச்சு விட்டார். வலி விட்டுப்போன பெருமூச்சு. பிறகு புரண்டு குப்புறப் படுத்தார். ஈரமான அவர் கன்னம் ஷமீராவின் கன்னத்தின்மேல் வந்து பதிந்தது. நடுவில் ஒரு துணி மட்டும். மாமியார் தூங்கிப்போனார். மூச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன, கொஞ்சம் கொஞ்சம் பிந்தி. மூன்று மூச்சுகள்.